“வாங்கம்மா, குந்துங்க!”

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் பலர் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒன்று அருணாசலேசுவரர் கோயில், இன்னொன்று ரமணாசிரமம். பௌர்ணமிக்குப் போகிறவர்கள் மலையையும் சுற்றிவிட்டுக் கால்வலியோடு பஸ் ஏறிவிடுவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த மலையைச் சுற்றியும், அதற்கு அப்பாலும் ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களில் மனிதர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது அவர்களைப் பற்றித்தான்.

சென்ற சித்திரையில் நாங்கள் மூன்று பேர் போனோம். நான், ஏழு வயதாகும் என் பெண், அறுபத்தெட்டு வயதாகும் என் மாமியார். அவருக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. “மூணு பேரும் தனியாவா போகப் போறீங்க?” என்று இழுத்தார். “மூணு பேர் போனா அது எப்படிங்க தனி?” என்று கேட்டேன். பதில் இல்லை. டிக்கெட் எடுத்துவிட்டேன்.

மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மாமனார் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அதன் பிறகு அத்தை வாசற்படி தாண்டுவது ரேஷன் கடைக்கும் டாக்டர் வீட்டுக்கும்தான். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எதற்குக் கூப்பிட்டாலும் வர மாட்டார். “நான் எதுக்கம்மா? எதிர வந்தா நாலு பேரு மொகம் சுளிப்பாங்க” என்பார். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. பேச்சு அதைவிடக் குறைந்துவிட்டது. டாக்டர் ரத்தம், சர்க்கரை எல்லாம் பரிசோதித்துவிட்டு, “உடம்பில் குறை ஒன்றும் இல்லை. வீட்டுக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள், எங்காவது அழைத்துப் போங்கள்” என்றார். எங்கே போகலாம் என்று நான் கேட்டபோது அத்தையின் வாயிலிருந்து வந்த ஒரே ஊர் திருவண்ணாமலை. மாமனாரோடு மலை சுற்ற வேண்டும் என்று முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, போகாமலே போய்விட்ட ஊர் அது.

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகப் போனால் சுமார் 190 கிலோமீட்டர். செஞ்சிக் கோட்டையின் பாறை மலைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பஸ்ஸுக்குள் ஒரு சலசலப்பு. முன்சீட்டில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் திரும்பி என் பெண்ணின் தலையைத் தொட்டு, “அதோ பாரு கண்ணு, அண்ணாமலையாரு! கன்னத்துல போட்டுக்கோ” என்றார். பார்த்தால், சமவெளியில் தனியாக நிற்கிறது மலை. உயரம் சுமார் 2,670 அடி. கார்த்திகை தீபத்தன்று அதன் உச்சியில்தான் பெரிய செப்புக் கொப்பரையில் நெய் வார்த்து தீபம் ஏற்றுகிறார்கள். அந்த அம்மாள் கோழிக்கூடையை என் பெண்ணின் மடியில் வைத்து, கோழியைத் தடவிக் கொடுக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டார். இறங்கும் வரை என் பெண்ணுக்கு அண்ணாமலையாரை விடக் கோழிதான் முக்கியமாக இருந்தது!

பழைய வட ஆற்காட்டைப் பிரித்து 1989இல் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். வயதானவர்கள் பேச்சில் இன்னும் அது ‘வடார்க்காடு’தான்.

கோயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கிழக்கு ராஜகோபுரம் 217 அடி, பதினோரு நிலை. கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்து, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. நான் பெண்களுக்குக் காட்ட விரும்புவது வடக்குக் கோபுரத்தை. அதன் பெயரே அம்மணி அம்மன் கோபுரம். செங்கத்துக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து வந்த அம்மணி அம்மாள் என்ற துறவி, அரைகுறையாக நின்றுபோன அந்தக் கோபுரத்தைக் கட்டி முடித்தே தீருவது என்று வீடு வீடாகப் போய்க் காசு திரட்டி, 171 அடிக்கு எழுப்பி முடித்தார். மைசூர் மகாராஜா வரை போய்ப் பொருள் கேட்டார் என்றும், கூலிக்குப் பணம் இல்லாதபோது விபூதியை அள்ளிக் கொடுக்க அதுவே கூலியாக மாறியது என்றும் கதை சொல்கிறார்கள். கோபுரத்தடியில் பூ விற்ற பாட்டி எங்களிடம் இதைச் சொன்ன விதம் இருக்கிறதே… ஏதோ தன் சொந்த அத்தை கட்டியது போல! “ராசா கட்டுனது மூணு பக்கம். பொம்பள கட்டுனது இந்தப் பக்கம். நல்லாப் பாத்துக்கோ” என்றார். (மூன்றையும் ராஜாவே கட்டினாரா என்று சரித்திரம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். பாட்டியிடம் போய் வாதாடட்டும்.)

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு கிரிவலம் புறப்பட்டோம். பௌர்ணமி முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டதால் கூட்டம் இல்லை. சுற்றுப்பாதை 14 கிலோமீட்டர். வழியில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள். வெறுங்காலோடு நடப்பதுதான் வழக்கம். சித்திரை வெயிலில் எட்டரை மணிக்கு மேல் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளையும் முழங்கால் வலி உள்ளவர்களையும் அழைத்துப் போனால் ஒரே மூச்சில் சுற்ற வேண்டும் என்று வைராக்கியம் வேண்டாம். பாதியை விடியற்காலையிலும் மீதியைச் சாயங்காலத்திலும் நடக்கலாம். அண்ணாமலையார் கணக்குப் பார்க்க மாட்டார்.

நாங்கள் பாதியில் நின்றது திட்டமிட்டு அல்ல. வருண லிங்கத்தைத் தாண்டி அடி அண்ணாமலை கிராமத்துக்கு வரும்போது மணி எட்டு. கிராமத்தின் பெயரையே கொண்ட பழைய கோயில் அங்கே இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இந்த ஊரில்தான் என்பார்கள். அவருக்கும் ஒரு சன்னதி உண்டு. மார்கழிக் குளிரில் பெண்கள் ஒருவரை ஒருவர் எழுப்பும் பாட்டு, இந்தத் தெருக்களைப் பார்த்துப் பிறந்ததா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அத்தைக்கு மூச்சு வாங்கியது. ஒரு வீட்டுத் திண்ணை ஓரமாக நின்றோம்.

அந்தத் திண்ணையில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள், எதிரே கூடை நிறைய உதிரிப்பூவைக் கொட்டிக்கொண்டு கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார். யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று ஒரு கேள்வி இல்லை.

“வாங்கம்மா, குந்துங்க. ஏறுவெயில்ல எங்க போவப் போறீங்க? கொழந்த காலு பொசுங்கிடும்.”

உட்கார்ந்தோம். முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வந்தது. “கொஞ்சங் கொஞ்சமாக் குடி, கடகடன்னு குடிக்காத” என்று என் பெண்ணுக்கு உத்தரவு. பிறகு கேழ்வரகுக் கூழ் வந்தது. நொய் போட்டு முதல் நாள் காய்ச்சிப் புளிக்கவைத்து, காலையில் மோர் ஊற்றிக் கரைத்த கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், ஒரு துவையல். எங்கள் வீட்டில் கேழ்வரகு என்றாலே மூக்கைப் பிடித்துக்கொள்ளும் என் பெண், இரண்டு கிண்ணம் குடித்தாள்! (100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பால் பிடிக்காத குழந்தை உள்ளவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.)

என்னைக் கவர்ந்தது அந்தத் துவையல். “என்னங்க இது?” என்று கேட்டேன்.

“மல்லாட்டத் தொவையலும்மா. தெரியாதா?”

எனக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. அத்தைதான் சொன்னார். “நெலக்கடலைம்மா. எங்க பக்கத்துலயும் மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம்.” அத்தை பிறந்தது திண்டிவனத்துக்கு அருகே ஒரு கிராமம். பதினெட்டு வயதில் சென்னைக்கு வாழ வந்தவர். அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. மணிலாக் கொட்டை என்பதுதான் தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது. தென் அமெரிக்காவில் பிறந்த செடி. நம் ஜனங்கள் அதற்குப் பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரை வைத்து, பிறகு அதையும் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

துவையல் செய்முறை ரொம்பச் சுலபம். ஒரு கிண்ணம் கடலையை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்துத் தோலைத் தேய்த்து ஊதிவிட வேண்டும். நாலு காய்ந்த மிளகாய், நாலு பல் பூண்டு, சுண்டைக்காய் அளவு புளி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். தேங்காய் கிடையாது, தாளிப்பும் கிடையாது. அம்மியில் அரைத்தால் ஒரு ருசி, மிக்ஸியில் அரைத்தால் வேறு ருசி. அதை மாற்ற முடியாது.

நான் பணப்பையைத் திறந்தபோது அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. “கூழுக்குக் காசா? நல்லா இருக்குதே!” என்றார். நல்லவேளை, அத்தை தன் பையிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்து, “எங்க வூட்டுல சுட்டது. பேரப் பசங்களுக்குக் குடுங்க” என்று டப்பாவோடு நீட்டினார். அதை உடனே வாங்கிக்கொண்டார். அத்தை ‘வூட்டுல’ என்று சொன்னதை நான் கவனித்தேன். சென்னையில் ஐம்பது வருஷமாக ‘வீட்டுல’தான்.

வெயில் தாழும் வரை அங்கேதான் இருந்தோம். என் பெண் வாழை நாரில் பூக்கட்டக் கற்றுக்கொண்டாள். அவள் கட்டியது மாலையா தோரணமா என்று யாருக்கும் புரியவில்லை. பேச்சோடு பேச்சாக, அந்த அம்மாளும் கணவரை இழந்தவர் என்று தெரிந்தது. பன்னிரண்டு வருஷமாகிறது. மூன்று பிள்ளைகளையும் பூக்கட்டித்தான் கரையேற்றியிருக்கிறார். ஒரு முழத்துக்கு இவ்வளவு என்று கூலி. கோயில் வாசலில் நாம் வாங்கும் பூவில் பாதி இப்படிப்பட்ட திண்ணைகளிலிருந்து வருவதுதான். அவர் இதைச் சொன்னபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பளிச்சென்று ஒரு பொட்டு.

சாயங்காலம் புறப்படும்போது அந்த அம்மாள் சொன்னார்: “செங்கம் ரோட்டுல என் தங்கச்சி ஊரு. நாளைக்கு அவ கொல்லையில மல்லாட்ட புடுங்கறாங்க. நானும் போறேன். வாங்களேன், கொழந்த பாக்கட்டும்.”

மீதி ஏழு கிலோமீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குபேர லிங்கத்துக்கு அப்பால் இடுக்குப் பிள்ளையார் கோயில். குறுகலான சந்துக்குள் ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்து வெளியே வர வேண்டும். பிள்ளைவரம் வேண்டுபவர்களும் உடம்பு வலி தீர வேண்டுபவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். நான் உள்ளே நுழையத் தயங்கியபோது, பின்னாலிருந்து கனத்த சரீரம் கொண்ட ஓர் அம்மாள், “நானே பூந்து வந்துட்டேன், உனக்கென்னாம்மா!” என்று தள்ளிவிட்டார். வெளியே வந்த ஒவ்வொருவரையும் முன்பின் தெரியாதவர்கள் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள்.

இந்த ஊர் வெளியூர்க்காரர்களைப் பார்த்துப் பழகியது. 1896இல் மதுரையிலிருந்து ஒரு பதினாறு வயதுப் பையன் வந்து தங்கினான், அவர்தான் ரமணர். அவரைத் தேடி 1930களில் பால் பிரண்டனும், 1938இல் சாமர்செட் மாமும் வந்தார்கள். மாம் ஆசிரமத்தில் மயக்கம் போட்டு விழுந்தது பிரசித்தமான கதை. அன்றிலிருந்து இன்று வரை வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டிக்கொண்டு நடக்கிறார்கள்; டீக்கடைக்கார அம்மாள் அவர்களிடம் “ஷுகர் கம்மி, ஓகேவா?” என்று கேட்கிறார். அவர்களும் தலையாட்டுகிறார்கள். புதியவர்களைக் கண்டு முறைப்பது இந்த ஊருக்குத் தெரியாது.

மறுநாள் காலை டவுன் பஸ். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பயணத் திட்டத்தினால் என்ன மாறியிருக்கிறது என்பதைக் கிராமத்து டவுன் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். பஸ் முழுக்கப் பெண்கள்! கீரைக்கட்டோடு, பால் கேனோடு, ஆஸ்பத்திரிச் சீட்டோடு. “முன்னல்லாம் ஆத்தா வூட்டுக்குப் போவணும்னா அவருகிட்ட காசு கேக்கணும். கேட்டா எதுக்குன்னு கேப்பாரு. இப்ப ஏறி குந்திக்கறேன்” என்றாள் பக்கத்தில் இருந்த இளம்பெண். இடுப்புக் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியும் விட்டாள். இறங்க வேண்டிய இடத்தில் நான்தான் எழுப்பினேன்.

திருவண்ணாமலை மாவட்டம் நிலக்கடலைக்குப் பேர் போனது. ஆடிப் பட்டத்தில் மழையை நம்பி விதைப்பது ஒன்று. மார்கழியில் கிணற்றுப் பாசனத்தில் விதைத்துச் சித்திரையில் பிடுங்குவது இன்னொன்று. நாங்கள் பார்த்தது இந்த இரண்டாவது. புன்செய் நிலத்தை இங்கே கொல்லை என்கிறார்கள். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சி மண்ணை இளக்கியிருந்தார்கள். ஆண்கள் செடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் வேரோடு வருகிறது, அடியில் கொத்துக் கொத்தாகக் காய். வேப்ப மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து காய்களை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

என் பெண்ணுக்கு ஒரு கிழவர் பாடம் நடத்தினார். மஞ்சள் பூ செடியின் மேலே பூக்கிறது. பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஒரு விழுது இறங்கி மண்ணுக்குள் நுழைகிறது. அதன் நுனிதான் காயாகப் பருக்கிறது. ஆகவே வேரில் காய்ப்பது இல்லை! முற்றிவிட்டதா என்று பார்க்க ஒரு காயை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைக் காட்டினார். வெள்ளையாக இருந்தால் பிஞ்சு, கறுத்திருந்தால் விளைந்தது. நான் பள்ளியில் தாவரவியல் படித்தவள். இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

நான் இதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை எங்கே போனார் என்று தேடினால், பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு காலை நீட்டி, மடியில் செடியைப் போட்டுக்கொண்டு மளமளவென்று ஆய்ந்துகொண்டிருந்தார். விரல்கள் பறந்தன. சென்னையில் கொத்தமல்லி ஆயவே கண் தெரியவில்லை என்பவர்!

“பட்டணத்து ஆயா நம்மள விட ஸ்பீடா ஆயறாங்கடி!”

“பட்டணமா? நான் மல்லாட்டக் கொல்லையிலேயே பொறந்தவ. எங்கம்மா வலி வந்தப்பவும் ஆஞ்சுகினுதான் இருந்தாங்களாம்” என்றார் அத்தை.

எனக்கு இது புது விஷயம். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. தம் அம்மாவைப் பற்றி அத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் பேச்சு ஓய்வே இல்லை. யார் மருமகள் நல்லவள், யார் வீட்டில் மாடு கன்று போட்டது, எந்தச் சங்கத்துக் கடன் எப்போது கட்ட வேண்டும், முழங்கால் வலிக்கு நொச்சித் தழையா, ஆஸ்பத்திரி மாத்திரையா… அத்தையும் பேசினார், மாமனாரைப் பற்றியும் பேசினார். அழாமல் பேசினார். மாமனார் மல்லாட்டை உருண்டை என்றால் டிபன் பாக்ஸை ஒளித்து வைத்துத் தின்பாராம். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும்.

பன்னிரண்டு மணிக்கு வேலை நின்றது. கூலியை அளந்தார்கள். அன்று அந்தக் கொல்லையில் ஆய்ந்தது பத்து மரக்கால் என்றால் ஒரு மரக்கால் கூலி. பூக்கட்டும் அம்மாளின் தங்கை அத்தையின் குவியலையும் அளந்தார். அத்தை வேண்டாம் என்று மறுத்தார். “தானமா குடுக்கறன்? ஒங்கூலி. மடிய புடி” என்று அதட்டல். அத்தை முந்தானையை ஏந்தினார். இரண்டு படி இருக்கும். அறுபத்தெட்டு வயதில் முதன்முதலாகத் தாமே சம்பாதித்தது. அதைச் சுமக்க என்னிடம் கொடுக்க மறுத்துவிட்டார்.

கிளம்பும்போது பூக்கட்டும் அம்மாள் முறுக்கு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். வெறும் டப்பாவைத் திருப்பித் தருவது வழக்கமில்லை அல்லவா? உள்ளே வறுத்த கடலையும் வெல்லமும். அதன் மேல் வாழை இலைத் துண்டில் சுற்றிய மல்லிகைச் சரம், இரண்டு முழம். ஒரு முழத்தைக் கிள்ளி என் பெண்ணின் தலையில் வைத்தார். மீதியை அத்தையிடம் நீட்டினார்.

“எனக்கு வேணாம்மா.”

“பொறந்த வூட்டுல வெச்ச பூவுதான ஆயா? நடுவுல வந்தவரா குடுத்தாரு, அவரோட போவறதுக்கு?”

அத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் தலையில் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே பஸ் வரை நடந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இதிலெல்லாம் மருமகள் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்பது என் அபிப்பிராயம். அன்றிரவு லாட்ஜ் அறையில் தம் படுக்கைக்கு அருகே ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி அந்தச் சரத்தை அதன் விளிம்பில் சுற்றி வைத்தார். அறை முழுக்க மணம்.

கடலையைப் பற்றி இளம் தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு புரதம். வேகவைத்துக் கொடுத்தாலும், வெல்லம் சேர்த்து உருண்டையாகக் கொடுத்தாலும் வளரும் பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முழுக் கடலையாகக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கிவிடும். பொடித்துக் கொடுங்கள். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கசப்பது ஆகியவற்றை ‘வறுத்தால் சரியாகிவிடும்’ என்று சேர்க்காதீர்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. சிலருக்குக் கடலையே ஒவ்வாது. முதல்முறை கொடுக்கும்போது கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்து, உடம்பு தடித்தாலோ மூச்சு இழுத்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கொல்லையில் பார்த்த பெண்கள் விடவில்லை. பக்கத்துக் கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிறது, நாளைக்கு அர்ச்சுனன் தபசு, பார்க்காமல் போகலாமா என்றார்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் கோடை வந்துவிட்டால் பாரதம்தான். பகலில் மகாபாரதக் கதை படித்துப் பொருள் சொல்கிறார்கள். இரவில் அதே கதை தெருக்கூத்தாக விடிய விடிய நடக்கிறது. கடைசியில் களிமண்ணால் பிரம்மாண்டமான துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம், பிறகு தீமிதி. செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்துக் கூத்துக் கலைஞர்கள் வெளிநாட்டு மேடைகள் வரை போயிருக்கிறார்கள்.

அர்ச்சுனன் தபசுக்கு உயரமான பனைமரம் ஒன்றை நட்டு, ஏறுவதற்குப் படிபோல் கட்டைகள் அடித்திருந்தார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுகிறார். கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு நிற்கிறார்கள். உச்சிக்குப் போனதும் மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வில்வமும் வீசுகிறார். மடியில் விழுந்தால் பிள்ளை நிச்சயம் என்று நம்பிக்கை.

எனக்கு இடம் பிடித்துக் கொடுத்த பெண்ணே சற்று நேரத்தில் அந்த வரிசையில் போய் நின்றாள். நேற்றுக் கொல்லையில் எல்லாரையும் சிரிக்க வைத்தவள். கல்யாணமாகி ஆறு வருஷமாம். மடியேந்தி மேலே பார்த்தபடி நின்ற அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. முதல் பழம் பக்கத்தில் விழுந்தது. இரண்டாவதும் தள்ளிப் போயிற்று. மூன்றாவது பழத்தை, அடுத்து நின்ற பெண் பிடித்துவிட்டு, இவளைத் திரும்பிப் பார்த்து, என்ன நினைத்தாளோ, இவள் மடியில் போட்டுவிட்டாள். அவளும் வரத்துக்கு நிற்பவள்தான்! நான் இதைக் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அவளைத் தனியாக அழைத்து, தயக்கத்தோடு, “டாக்டரிடம் காட்டினாயாம்மா?” என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரி சீட்டும் பையிலதாங்கா இருக்குது. எனக்குக் குத்தம் ஒண்ணும் இல்லியாம்.”

“அவர் பரிசோதனை செய்துகொண்டாரா?”

“அத நீங்க வந்து சொல்லுங்க. நாஞ் சொன்னா ஒத வுழும்” என்று சிரித்தாள்.

குழந்தை இல்லாத தம்பதிகளில் குறை மனைவியிடம் இருப்பது போலவே கணவரிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். ஆணுக்கான பரிசோதனைதான் இரண்டில் சுலபமானது. இதை அவளிடம் சொன்னேன். அத்தை குறுக்கே புகுந்து, “அவனை எங்க? நான் பேசறேன்” என்றார். நான் திகைத்துப் போனேன். மோர்ப்பந்தல் அருகே நின்ற அந்த இளைஞனை அழைத்து, ஓர் ஓரமாக உட்காரவைத்து, கால் மணி நேரம் என்னவோ பேசினார். என்ன சொன்னார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. பையன் தலையைக் குனிந்தபடி “சரிங்க ஆயா, சரிங்க ஆயா” என்றது மட்டும் கேட்டது. தகப்பனார் சொன்னால் எதிர்த்துப் பேசியிருப்பான், டாக்டர் சொன்னால் நாளைக்கு என்றிருப்பான். முன்பின் தெரியாத ஒரு கிழவி சொன்னதைக் கேட்டுக்கொண்டான்.

சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். ஒரு சின்னச் சாக்கில் கடலை, ஒரு பையில் மாங்காய், ஈரத்துணியில் சுற்றிய நுங்கு. ஒன்றுக்கும் காசு கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் வாங்கியிருக்கவும் மாட்டார்கள். அடுத்த முறை போகும்போது பூக்கட்டும் அம்மாளின் பேரனுக்கு ஒன்றாம் வகுப்புக்கு வேண்டிய நோட்டும் பென்சிலும் கொண்டுபோவதாக முடிவு. இது அத்தையின் யோசனை.

போன வாரம் செல்போன் அடித்தது. அத்தைதான் எடுத்தார். வெகுநேரம் பேசினார். அந்தப் பையன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துவிட்டானாம், மருந்து கொடுத்திருக்கிறார்களாம். அவர்கள் கொல்லையில் ஆடிப் பட்டத்துக்கு விதை தயாராகிறதாம். தோல் உரியாமல் விதைப்பருப்பு உடைக்க நல்ல கை வேண்டுமாம்.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார் அத்தை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

“ஆடி எப்பம்மா பொறக்குது?” என்றார்.